நாக்கால் சலித்த கிளிஞ்சல்

அக்கா,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் மகனுக்குப் பெண் பார்க்கச் செய்யூர்ப் பக்கம் போயிருந்தோம். பெண் வீட்டில் புதிதாக ஓர் அறை கட்டுகிறார்கள். வாசலில் மணல் குவித்திருந்தது. எல்லாரும் கால் கழுவிக்கொண்டு உள்ளே போக, நான் மட்டும் பின்தங்கி, குனிந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். கிறீச்சென்றது. ஆற்று மணல். துப்பிவிட்டு நிமிர்ந்தால், பெண்ணின் அம்மா சொம்பும் கையுமாக நிற்கிறாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "மசக்கையா?" என்று கேட்டாள்.

எனக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணத்துக்கு நிற்கிற மகன் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? பெண் கொடுப்பார்களோ மாட்டார்களோ தெரியவில்லை. ஆனால் அந்தக் கிறீச்சொலி வாயை விட்டுப் போகவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, "கடிச்சியா? இன்னா மண்ணு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் கடுதாசி எழுதுகிறாள் என்று சிரிப்பாய். சிரி.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் நீ செங்கல்பட்டு மார்க்கெட்டில் என் கூடைக்கு முன்னால் வந்து நின்றபோது சிரிப்பில்லை. பல வருஷமாக என்னிடம் ஒரு கூறு நெத்திலி வாங்கி, இன்னொரு கூறு கொசுறாகக் கேட்பவள் நீ. என்னைவிட ஆறே மாதம் மூத்தவள், அதற்காக அக்கா என்று கூப்பிட வைத்தவள்.

"அமிர்தம், எனக்கு மீன் உயிரோட வேணும்டி" என்றாய்.

"செத்த மீனுக்கே இந்தப் பேரம் பேசறே. உயிரோட குடுத்தா அதும் கையிலயே பேரம் பேசுவியா?"

"வெளையாடாதே. எனக்குப் பதினாலு நாளுதான் கீது."

அப்புறம் சொன்னாய். நீ ஆயாவாக வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு, பட்டணத்திலிருந்து வந்த சயன்ஸ் டீச்சர் ஒரு கண்ணாடித் தொட்டி செய்ய வைத்தார். இரும்புச் சட்டம், நான்கு பக்கமும் கண்ணாடி, தண்ணீர் கசியாமல் இடுக்கெல்லாம் மக்கு பூசியது. கடலைப் பார்க்காத பிள்ளைகளுக்குக் கடல் மீனை உயிரோடு காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தொட்டி வந்த வாரமே அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுப் போய்விட்டார். பெரிய டீச்சர் அதில் சாக்பீஸ் பெட்டிகளை அடுக்கச் சொன்னபோது, பெருக்கிக்கொண்டிருந்த நீ துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "நான் பாத்துக்கறேம்மா" என்றாயாம். அந்த அம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்து, ஒரு வார்த்தை கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அம்மா வருகிற திங்கட்கிழமை வரை மீன் உயிரோடு இருந்தால், சயன்ஸ் ரூம் அட்டெண்டராக உன் பெயரை எழுதி அனுப்புவார். இல்லாவிட்டால் அந்த வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வரும்.

அந்த வேலை உனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கோடை லீவுக்கும் உன்னை நிறுத்திவிட்டு, பள்ளி திறந்ததும் திரும்பச் சேர்ப்பார்கள். நடுவில் இருக்கிற அந்த இரண்டு மாதம் நீ என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. அட்டெண்டர் ஆகிவிட்டால் கோடையிலும் சம்பளம்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்தில் கோயிலுக்கு அந்தப் பக்கம், பாறை இடுக்குகளில் தண்ணீர் தங்குகிற குழிகள் உண்டு. நானே இறங்கி வலைத்துணியால் பிடித்தேன். வரி வரியாக இருக்கிற குட்டி மீன் நான்கு. பச்சை மீன் ஒன்று. அது கோபம் வந்தால் மண்ணுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும், இஷ்டமானால் எழுந்து வந்து எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பப் போகும். அதற்குப் பெரிய டீச்சர் என்று பெயர் வைத்தேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கடல் தண்ணீரைக் குடங்களில் மொண்டு, வாயில் துணி கட்டி, சவுக்குக் கட்டை லாரியில் ஏற்றினேன். "இன்னாம்மா, கடலையே காலி பண்ணிகினு போறியா?" என்றான் டிரைவர். "ஆமாம்பா, செங்கல்பட்டுல ஒரு கடல் தொறக்கறாங்க" என்றேன்.

அடியில் போட மணலை நீ முன்பே தயாராக வைத்திருந்தாய். பாலாற்று மணல். ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, சர்க்கரை மாதிரி வைத்திருந்தாய். ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டினாய். "இன்னாக்கா, மீனுக்கு மெத்தை போடறியா?" என்றேன். "நம்மளுக்குத்தான் கெடைக்கல, அதுக்காவது கெடைக்கட்டும்" என்றாய். காற்றுக்கு ஒரு பழைய லாரி டியூப். சைக்கிள் பம்பால் அதில் அடித்து வைத்தால், ரப்பர்க் குழாய் வழியாகக் குறுகுறுவென்று தண்ணீரில் குமிழி விடும். அரை மணிக்கு ஒருமுறை நீ ஓடி வந்து அடிக்க வேண்டும். பெருக்குவாய், மணி அடிப்பாய், பம்பு அடிப்பாய்.

எட்டு நாள் எல்லாம் நன்றாக இருந்தது. ஒன்பதாம் நாள் புதன்கிழமை, விடுதிக்கு மீன் போடப் பள்ளிக்கு வந்தேன். வாரம் இரண்டு நாள் அங்கே மீன் கொடுப்பது நான்தான், நினைவிருக்கிறதா? சயன்ஸ் ரூம் கதவைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம். தண்ணீர் கஞ்சித் தெளிவு மாதிரி கலங்கியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் மணலின் மேல்பக்கம் சர்க்கரை, அடிப்பக்கம் கரி. வரி மீன் ஒன்று கவிழ்ந்து மிதந்தது. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நீ பம்பு அடித்துக்கொண்டே இருந்தாய். டியூப் வெடித்துவிடும் போல உப்பியிருந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

"போதும்க்கா. காத்து இல்ல கொறை. மண்ணுதான் கெட்டுப்போச்சி."

"ஏழு தண்ணி வுட்டேனே" என்றாய். அதை மூன்று முறை சொன்னாய்.

ஆற்று மணலை எத்தனை கழுவினாலும் அதில் ஆற்றின் சேறும் தழையும் பொடியாக ஒட்டியிருக்கும். ஒரு சாண் மெத்தைக்குள் காற்றும் போகாது, தண்ணீரும் ஓடாது. நாம் போட்ட தீனி உள்ளே இறங்கி அங்கேயே அழுகிவிட்டது. இதையெல்லாம் இப்போது பெரிய மேதாவி மாதிரி எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், மாற்ற வேண்டும். நீ என்னைப் பார்த்தாய். "கடல்காரி நீ. இன்னா போடலாம், சொல்லு" என்றாய்.

இங்கேதான் அக்கா நான் கெடுத்தேன்.

எங்கள் தெருக் கோடியில் சிற்பிகளின் கொட்டகை. சாமி சிலை செதுக்கும்போது விழுகிற கல் துகள் அங்கே மூலையில் வெள்ளையாகக் குவிந்துகிடக்கும். கல்தானே, அழுகாதே, தழையில்லையே, சேறில்லையே என்று என் மூளை வேலை செய்தது. சாமி சிலைக்கு ஆகிற கல் மீனுக்கு ஆகாதா என்று வேறு ஒரு நினைப்பு. கடற்கரையில் தேடிப் பார்த்திருக்கலாம். அலுப்பு. கொட்டகை வீட்டுக்குப் பக்கம். வெள்ளிக்கிழமை காலை இரண்டு கூடை அள்ளிக்கொண்டு வந்து, "பாத்தியா, முத்து மாதிரி கீது" என்று பீற்றிக்கொண்டேன். நீ ஒரு சிட்டிகையைப் பல்லில் வைத்துக் கடித்தாய். அன்றுதான் உன்னிடம் அந்தப் பழக்கத்தை முதலில் பார்த்தேன்.

"இது எங்கேருந்துடி? ஏதோ இரும்பு வாசன அடிக்குது."

"ஒனக்கு மூக்கு அடச்சிகினு கீது. கல்லுக்கு இன்னா வாசன? நாஸ்தா துன்னியா இல்லியா நீ?" என்று கேலி செய்து உன் வாயை அடைத்தேன்.

புதன்கிழமையே மீன்களை நல்ல தண்ணீர் இருந்த பெரிய பானைக்கு மாற்றி, குழாயை அதில் விட்டிருந்தோம். இப்போது கறுப்பு மணலை வாரி வெளியே கொட்டினோம். தொட்டியைத் துடைத்தோம். கல் துகளைப் பரப்பி, புதுக் கடல் தண்ணீரும் மீனும் விட்டோம். சாயங்காலம் வரை வெள்ளை வெளேர் என்று இருந்தது. நான் வெற்றிலை போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. வந்து பார்த்தால், வெள்ளைக் கல்லெல்லாம் அம்மை போட்ட மாதிரி செம்புள்ளி. தண்ணீர் டீ நிறம். உளி முனை தேய்ந்து தேய்ந்து, கல்லோடு கல்லாக இரும்புப் பொடியும் விழுந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஒரே இரவில் அத்தனையும் துருப்பிடித்துவிட்டது. போதாததற்கு கல்மாவு எழும்பி மீன்களின் செவுளில் படிந்திருந்தது. உன் மூக்குக்கு வந்த வாசனை அதுதான்.

நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் பெரிய டீச்சர் வந்துவிட்டார். மீன் இல்லை, மனுஷி. நான் கூடையோடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"என்ன இது, சாக்கடை மாதிரி? யார் போட்டது இந்தக் கல்லை?"

  என் வாய் ஊர் அடங்கினாலும் அடங்காத வாய். அன்றைக்கு அது திறக்கவில்லை. விடுதி மீன் வியாபாரம் போய்விடும், கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று பயந்தேன். நீ கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தாம்மா" என்றாய்.

"கவனக்குறைவு. எழுதி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நீ மீனைப் பானைக்கு மாற்றத் தொடங்கினாய். நான் வெளியே வந்து உன் பக்கத்தில் நின்றேன். "அக்கா" என்றேன். "பானையப் புடி" என்றாய். அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு காலை மாமல்லபுரத்தில் வந்து இறங்கினாய். மீன்களை வாட்ச்மேனிடம் ஒப்படைத்து, பம்பு அடிக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாய். பாறைக் குழியில் மீன் எதன் மேல் வாழ்கிறதோ அதுவே வேண்டும் என்றாய். நொறுங்கிய கிளிஞ்சல். இதை நான் அல்லவா முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்! ஆனால் அந்த வாரம் கடல் கொந்தளித்து, கரையில் கிளிஞ்சல் ஒதுங்கவே இல்லை. ஒதுங்கியிருந்ததையெல்லாம் சுண்ணாம்புக் காளவாய்க்குப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காளவாய்க்காரரைக் கெஞ்சிக் கேட்டோம். குவியலைக் காட்டினார். கூடவே ஒன்றும் சொன்னார்: "பாத்து அள்ளுங்கம்மா. சுட்டது ஓரத்துல கொஞ்சம் கலந்து கீது."

 சுட்ட கிளிஞ்சல் தண்ணீரில் பட்டால் சுண்ணாம்பு. தொட்டிக்குள் போனால் மீன் வெந்துவிடும். வெயிலில் வெளுத்ததும் வெள்ளை, சுட்டதும் வெள்ளை. உடைந்து பொடியான பிறகு கண்ணால் பிரிக்க முடியாது.

நான் சல்லடையில் சலித்தேன். நொய்யரிசிப் பதத்துக்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம் என்றாய். பெரிதாக இருந்தால் தீனி இடுக்கில் விழுந்து அழுகும், பொடியாக இருந்தால் திரும்ப அடியில் கறுத்துவிடும். சலித்ததை முறம் முறமாக உன் முன்னால் வைத்தேன். நீ ஒவ்வொரு முறத்திலும் நான்கு மூலையிலும் நடுவிலும் கிள்ளி எடுத்து நாக்கில் வைத்தாய். பல்லில் நொறுங்கிச் சும்மா இருந்தால் கிளிஞ்சல். நாக்கைச் சுட்டால் சுண்ணாம்பு. ஆறாவது முறத்தில் துள்ளினாய். அந்த முறம் முழுவதையும் கொட்டச் சொன்னாய். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஏழாவதை இழுத்துக்கொண்டாய்.

"போதும்க்கா. மீதிய நான் பாக்கறேன்."

"ஒன் நாக்கு மீன் விக்கணும்."

"ஒனக்கு மட்டும் நாக்கு வேணாமா?"

"என்னைய யாரு பள்ளிக்கூடத்துல பேசச் சொல்றாங்க?" என்றாய்.

முப்பது முறத்துக்கு மேல் இருக்கும். எனக்குத் தெரியும், என் கையை நீ இனி நம்பவில்லை. அதைச் சொல்லாமல் இருக்க, என் நாக்கைக் காப்பாற்றுவதாகச் சொன்னாய். மத்தியானத்துக்குள் உன் நாக்கு தடித்து வெளுத்துவிட்டது. மோர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்க முடியவில்லை.

சாயங்காலம் பள்ளிக்குக் கொண்டுவந்து, துருக் கல்லை வாரிவிட்டு, தொட்டியில் பரப்பினோம். இந்த முறை சாண் இல்லை, இரண்டே விரல் கனம். தண்ணீர் தெளிந்தது. வரி மீன் மூன்றும் சுற்றின. பச்சை மீன் இறங்கியதும் கிளிஞ்சலுக்குள் புகுந்தது. புகுந்ததுதான். திங்கட்கிழமை காலை வரை வெளியே வரவில்லை.

"செத்துப் போச்சாக்கா? ஒரு குச்சிய வுட்டுப் பாக்கட்டுமா?"

நீ கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். விடவில்லை.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். பெரிய டீச்சர் பக்கத்தில். நான் வாசற்படியில், கூடையைப் பின்னால் மறைத்துக்கொண்டு. அந்த அம்மா குனிந்து வெகு நேரம் பார்த்தார். "இதை யார் கவனிக்கிறது? அடியில் மணல் போடாமல் ஏன் கிளிஞ்சல்?" என்று உன்னைத்தான் கேட்டார். நீ வாயைத் திறந்தாய். காற்றுதான் வந்தது. பெரிய டீச்சரின் முகம் சுருங்கியது. பதினாலு நாள் பட்ட பாடும் உன் நாக்கில் நின்றுபோனது.

"அம்மா, அவங்க நாக்கு வெந்துபோச்சிம்மா" என்று நான் உள்ளே நுழைந்துவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். ஆற்று மணல் கறுத்தது, நொய்ப்பதம், இரண்டு விரல் கனம், காளவாய், முப்பது முறம். "நடுவுல கல்லுத் தூளும் போட்டுப் பாத்தாங்க" என்று அதையும் சொன்னேன். யார் கொண்டுவந்தது என்பதை மட்டும் அங்கேயும் முழுங்கிவிட்டேன்.

"தொட்டியில் ஒட்டிய சீட்டில் ஒரு பச்சை மீன் என்று எழுதியிருக்கிறதே. எங்கே?" என்றார் அவர்.

 டியூபில் காற்று இறங்கி, குமிழி ஒன்று ஒன்றாக வர ஆரம்பித்தது. நீ பம்புப் பக்கம் போகவில்லை. அசைந்தால் மீன் பயப்படும் என்று அப்படியே நின்றாய்.  ஒரு மூலையில் கிளிஞ்சல் லேசாக நகர்ந்தது. ஒரு கண். அப்புறம் ஒரு மூக்கு. பச்சை மீன் எழுந்து வந்து, கண்ணாடியோரம் நின்று, இன்ஸ்பெக்டர் அம்மாவை முறைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டது.

"பேஷ்" என்றார் அவர்.

வேலை கிடைத்தது. ஆனால் கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதியிருந்ததால், நிரந்தரம் ஆக இன்னொரு வருஷம் பார்க்க வேண்டும் என்றார்கள். அதாவது இன்னொரு கோடை. அந்த இரண்டு மாதமும் உன் வீட்டுக்குத் தினம் மீன் கொண்டுவந்தேன். "விக்காம நின்னுபோச்சிக்கா" என்பேன். சந்தையில் முதல் கூறை உனக்கென்று எடுத்து வைத்துவிட்டுத்தான் விற்கவே உட்காருவேன். நீ மீனின் செவுளைத் திறந்து பார்ப்பாய். ரத்தச் சிவப்பாக இருக்கும். என்னைப் பார்ப்பாய். "ஆமா, பழசுதான்" என்று வாங்கிக்கொள்வாய்.

போன ஐப்பசியில் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாய். அந்த ஒரு வரி மட்டும் போகவில்லை. நேற்று வியாழக்கிழமை, விடுதிக்கு மீன் போட்டுவிட்டு, பெரிய டீச்சர் அறைக்குள் போய் நின்றேன்.  "அந்தக் கல்லுத் தூளு நான் கொண்டாந்ததும்மா. அவங்க அப்பவே இரும்பு வாசன அடிக்குதுன்னாங்க, நான்தான் கேக்கல" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?" என்றார். "மீன் வியாபாரம்மா" என்றேன்.  பழைய ரிஜிஸ்தரை எடுத்தார். எழுதியதை அடிக்க முடியாதாம், கீழே எழுதலாமாம். 'மேற்படி தவறு இவருடையது அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். விடுதி மீனை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் வஞ்சிரம் கொண்டுவரச் சொன்னார்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், மணலைக் கண்டால் கடிக்கிற பல் ஒன்று. இன்னொன்று, இப்போதெல்லாம் யார் "யார் செஞ்சது?" என்று கேட்டாலும் நான்தான் என்று முந்திக்கொள்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுக் கோழி காணாமல் போனதற்கும் சொல்லிவிட்டேன். கோழி சாயங்காலம் தானாக வந்தது. நெஞ்சில் இருக்கிற மற்றதை எழுத எனக்கு எழுத்துப் போதாது.

சயன்ஸ் ரூமிலும் எட்டிப் பார்த்தேன். தொட்டி இருக்கிறது. நீ நாக்கால் சலித்தது இன்னும் இரண்டு விரல் கனத்தில், அடி கறுக்காமல் இருக்கிறது. உன் இடத்துக்கு வந்திருக்கிற பெண்ணிடம் கேட்டு, ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். அந்தப் பிடிக்குள் ஒரு சின்ன நண்டும் இருந்திருக்கிறது. அது முடிச்சை விட்டு வெளியே வந்து, டிக்கெட் கொடுக்கக் குனிந்த கண்டக்டரின் தோல் பைக்குள் இறங்கியது. சில்லறை எடுக்க அவர் பைக்குள் கை விட்டார். என்னைத் திருக்கழுக்குன்றத்தில் இறக்கிவிட்டார்கள். நண்டு மாமல்லபுரம் வரை போனது.